தொகுதி 15, பக்கம் 41

மார்ச் 6, 2023, திங்கள்

ப்ரோன்வின் டைட் இன்று கதவைத் தட்டாமலே என் அறைக்குள் வந்தாள். பதினோரு ஆண்டுகளாக எங்கள் இயக்கவியல் காலாண்டிதழின் ஆசிரியர். கதவுகள் மற்றவர்களுக்காகச் செய்யப்பட்டவை என்று நினைப்பவள். கையில் பாதி தின்ற, தேங்காய்த் துருவல் ஒட்டிய லாமிங்டன் கேக்.

"க்ளென், இதழுக்கு நாப்பது வயசாகுது. இத்தனை வருஷத்துல என்னென்ன வந்திருக்கு, யார் எழுதியிருக்காங்க, யார் யாரை மேற்கோள் காட்டியிருக்காங்க, எல்லாத்தையும் எண்ணி ஒரு கட்டுரை வேணும். நீ எழுதற."

"ஏன் நான்?"

"ஆறு பேர் மாட்டேன்னுட்டாங்க."

இந்தக் கட்டடத்தில் உண்மை பேசும் ஒரே ஆள் அவள்தான். அதனால்தான் எனக்கு அவளைப் பிடிப்பதில்லை.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். ஜூன் மாதம் விருந்து. நாற்பது ஆண்டுகளில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைக்கு ஒரு பித்தளைப் பட்டயம். என் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு.

"அது வென்னிங்கோட கட்டுரைதான்னு நியூகாசில் துறைமுகத்துல நிக்கற கப்பலுக்குக்கூடத் தெரியும்," என்றேன்.

"அப்ப உனக்கு வேலை சுலபம்," என்றாள். தேங்காய்த் துருவலை என் மேசைமேல் உதறிவிட்டுப் போனாள்.

ஒப்புக்கொண்டேன். வென்னிங்கின் எண்ணிக்கையை ஒரு முறையாவது யாராவது உரசிப் பார்க்க வேண்டாமா?

மார்ச் 8, புதன்

விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் மறந்துவிடக் கூடாது. (மறக்கப் போவதில்லை.)

1997இல் அலிஸ்டர் வென்னிங்கும் நானும் ஒரே அறையில் இருந்தோம். இருவருக்கும் ஒரே கேள்வி. நிலக்கரி ரயில் ஓடும்போது அதற்குக் கீழே தண்டவாளம் எப்படி நெளிகிறது? கெட்டித் தரையை நான் எடுத்துக்கொண்டேன், சேற்றுத் தரையை அவன். ஆளுக்கொரு கட்டுரை, இரண்டையும் நம் இதழுக்கே அனுப்பினோம். என்னுடையது தொகுதி 14இல் வந்தது, அவனுடையது தொகுதி 15இல். உண்மையில் எனக்கும் தொகுதி 15 என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். அன்றைய ஆசிரியர் தரத்தைப் பார்த்து என் கட்டுரையை முன்னால் இழுத்துப் போட்டார். எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நானே பல விருந்துகளில் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு உலகம் மொத்தமும் வென்னிங்கின் சேற்றில் இறங்கிவிட்டது. அவன் கட்டுரைக்கு ஆயிரத்துக்கு மேல் மேற்கோள். எனக்கு அதில் பாதிகூட இல்லை. அவனுக்குப் பேராசிரியர் இருக்கை கிடைத்தது. எனக்கு வண்டி நிறுத்த இடம் கிடைத்தது, தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். 2001இல் ஒரு கூட்டத்தில், எல்லார் முன்னாலும், "என் தோள்மேல ஏறி நின்னுதானே நீ உயரமாத் தெரியற" என்று அவனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அவன் ஓய்வுபெற்றும் மூன்று வருடமாகிறது.

இரவுச் சாப்பாட்டின்போது இதை மறுபடியும் ரோஸ்லினிடம் சொன்னேன். என் மனைவி முட்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருபத்திரண்டு வயசாச்சு இந்தப் பகைக்கு. நம்ம புள்ளைங்களே இந்த வயசுல வீட்டை விட்டுத் தனியாப் போயிட்டாங்க, க்ளென்."

மார்ச் 21, செவ்வாய்

நூலகத்தில் எனக்கு ஒதுக்கியிருப்பவள் பெயர் செஃபினா. சமோவாக்காரி. அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, மாடிப்படி வரை கேட்கும்படி சிரிக்கிறாள். என்னை "டாக்டர்" என்கிறாள். இந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மரியாதையா கிண்டலா என்று இன்னும் பிடிபடவில்லை.

மொத்தம் 1,912 கட்டுரைகள். எல்லாவற்றையும் அவளுடைய கணினி வாரிக்கொண்டு வந்துவிட்டது. முதல் பத்தாண்டில் நூற்றுக்கு அறுபது கட்டுரைகளைத் தனி ஆளாகவே எழுதியிருக்கிறார்கள். இப்போது சராசரியாக ஒரு கட்டுரைக்கு ஐந்து பேர். போன இதழில் ஒன்றை எழுதப் பதினாறு பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள். அதில் சமன்பாடுகள் நான்கு. ஆளுக்குக் கால் சமன்பாடு.

தொடக்கத்தில் நான்கில் மூன்று கட்டுரை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவை. இப்போது பாதிக்கு மேல் சீனாவும் ஈரானும். நம் பங்கு ஒன்பதில் ஒன்று. இதைப் பற்றி வருத்தமாக ஒரு பத்தி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அவர்களின் கட்டுரைகள் சிலவற்றைப் படித்தேன். நன்றாக இருக்கின்றன. பத்தியைக் கைவிட்டேன்.

கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல் முன்பெல்லாம் சராசரியாகப் பதினொன்று. இப்போது ஐம்பத்திரண்டு. அன்று படித்ததைப் பட்டியலில் எழுதினார்கள். இன்று பட்டியலில் எழுதியதைப் படித்தால் போதும் என்றாகிவிட்டது.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வேலை பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 3, திங்கள்

604 கட்டுரைகளை இந்த நாற்பது ஆண்டுகளில் ஒருவர்கூட ஒரு முறைகூட மேற்கோள் காட்டவில்லை. மூன்றில் ஒரு பங்கு. 1988இல் ஒருவர் ஏணி வழுக்குவதைப் பற்றி முப்பது பக்கம் எழுதியிருக்கிறார். அற்புதமான கணக்கு. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்த ஆள்மேல் தனிப் பாசமே வந்துவிட்டது.

தேநீர் அறையில் இதைச் சொன்னேன். "அதுல உன்னோடது எத்தனை?" என்றாள் ப்ரோன்வின்.

"நாலு."

"நல்ல குடும்பத்துலதான் இருக்கே."

ஏப்ரல் 14, வெள்ளி

முதல் பட்டியல் தயார். அலிஸ்டர் வென்னிங், சேற்றுத் தரை, 1,104. இரண்டாவது யாரோ யூனிஸ் லெம்கே, கோதுமைச் சேமிப்புக் கோபுரங்களின் சுவர் பற்றி, 1989, 846. க்ளென் பாஸ்கோ, கெட்டித் தரை, 488, ஐந்தாவது இடம்.

செஃபினா ஒரு படமும் வரைந்து காட்டினாள். கட்டுரைக்கு ஒரு வட்டம். மேற்கோள் அதிகமானால் வட்டம் பெரிது. வென்னிங்கின் வட்டம் பூசணிக்காய் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தது.

"இது நீங்க," என்று ஒரு பட்டாணியைக் காட்டினாள்.

"தெரியுது."

"கோச்சுக்காதீங்க டாக்டர். பச்சை கலர் குடுத்திருக்கேன்."

ஏப்ரல் 25, செவ்வாய்

விடுமுறை. மழை. பழைய தொகுதிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தது தவறு. ரோஸ்லின் தொகுதி 22இன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தாள். அந்தத் தொகுதியால் இதுவரை யாருக்கும் கிடைத்த பெரிய பயன் அதுதான்.

மே 4, வியாழன்

இதை இப்போதே எழுதியாக வேண்டும்.

கணினி ஒழுங்காக எண்ணுகிறதா என்று சோதிக்க, செஃபினா வென்னிங்கின் 1,104 மேற்கோள்களில் சிலவற்றைத் திறந்து, கட்டுரையாளர்கள் தங்கள் பட்டியலில் என்ன எழுதியிருந்தார்கள் என்று பார்த்தாள். திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள். அவள் சிரிப்பு நின்றால் நூலகம் முழுதும் நிமிர்ந்து பார்க்கிறது.

"டாக்டர், இங்க வாங்க. இதுல உங்க பேர் இருக்கு."

பார்த்தேன். ஒரு கொரியக் கட்டுரையின் மேற்கோள் பட்டியல். "பாஸ்கோ, கெட்டித் தரையில் நகரும் சுமை, தொகுதி 15, பக்கம் 41." என் பெயர், என் தலைப்பு. ஆனால் என் கட்டுரை இருப்பது தொகுதி 14, பக்கம் 211. தொகுதி 15, பக்கம் 41இல் இருப்பது வென்னிங்கின் கட்டுரை! கணினி பெயரைப் பார்ப்பதில்லை. தொகுதியையும் பக்கத்தையும் பார்த்து, அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

அடுத்ததைத் திறந்தோம். அதிலும் அப்படியே. அடுத்தது போலந்து. அடுத்தது பிரேசில். மாலை ஐந்து மணி வரை எண்ணினோம்.

முன்னூற்றுப் பன்னிரண்டு. என்னுடைய முன்னூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள் கால் நூற்றாண்டாக அவன் வீட்டில் இருந்திருக்கின்றன.

எனக்கு 800. அவனுக்கு 792.

எட்டு அதிகம்! எட்டு!

மே 5, வெள்ளி

ப்ரோன்வினுக்கு மூன்று பக்கக் கடிதம் அனுப்பினேன். நகல்: அ. வென்னிங். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அவனுக்கு நான் எழுதும் முதல் வார்த்தைகள். நன்றாகவே வந்திருக்கின்றன. "ஒட்டுண்ணி" என்ற சொல் பொருத்தமாக விழுந்தது. யாரோ வேண்டுமென்றே இந்தத் தப்பான எண்ணைப் பரப்பியிருக்கிறார்கள், அதனால் யாருக்கு லாபம் என்று பார்த்தாலே போதும் என்றும் எழுதியிருக்கிறேன். பட்டயம் எனக்குரியது என்று கடைசி வரி.

ரோஸ்லின் படித்தாள். "அனுப்பறதுக்கு முன்னாடி காட்டியிருக்கலாமே," என்றாள்.

எனக்கு இன்று மறுபடியும் வயது முப்பது.

மே 8, திங்கள்

இல்லை.

செஃபினா காலையிலேயே இரண்டு விஷயம் வைத்திருந்தாள். முதலாவது:

"டாக்டர், உங்களுக்கு எண்ணூறு, அவருக்கு எழுநூத்துத் தொண்ணூத்திரண்டு. சரி. நடுவுல எண்ணூத்து நாப்பத்தாறோட ஒரு அம்மா நிக்கறாங்களே, பார்த்தீங்களா?"

யூனிஸ் லெம்கே. கோதுமைக் கோபுரம். முதல் பட்டியலிலேயே இரண்டாவது இடத்தில் இருந்தவர். நான் வென்னிங்கைப் பார்த்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போய்விட்டேன். பட்டியல் தயாரித்தவன் நான். ஐந்தே வரிசைப் பட்டியல். ஐந்து!

"அதை விடுங்க," என்றாள். இரண்டாவது விஷயத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "முன்னூத்துப் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி தப்புப் பண்ண முடியாது. ஒருத்தர் பண்ணியிருக்கணும். மத்தவங்க அவர் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதிக்கிட்டாங்க. உங்க கட்டுரையைத் திறந்து பார்க்காம."

"திறந்து பார்க்காமலா?"

"திறந்திருந்தா பக்க எண் முதல் பக்கத்துலயே இருக்குமே டாக்டர்."

அப்படியானால் அவர்கள் யாரும் என்னைப் படிக்கவில்லை. உலகம் முழுக்க முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் என்னைப் படிக்காமலே பாராட்டியிருக்கிறார்கள்.

"முதல்ல பண்ணது யாருன்னு தேதி வரிசையில வெச்சுப் பார்த்தேன்," என்று திரையைத் திருப்பினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நல்ல பெண். அடக்க மிகவும் முயன்றாள்.

1999. நம் இதழ், தொகுதி 16. பட்டியலில் ஏழாவது மேற்கோள்.

எழுதியவர்: க்ளென் பாஸ்கோ.

மே 9, செவ்வாய்

எப்படி நடந்தது என்று இப்போது தெரியும். 1997 ஜூலையில் அச்சகத்திலிருந்து, சரிபார்க்கும்படி, என் கட்டுரையின் மெய்ப்பு வந்தது. மேலே "தொகுதி 15, பக்கம் 41" என்று போட்டிருந்தது. அதை மேசையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கட்டுரையை எழுதத் தொடங்கினேன். அதிலிருந்துதான் எண்ணைப் பார்த்து எழுதினேன். பிறகு என்னைத் தொகுதி 14க்கு முன்னால் இழுத்தார்கள். இதழ் வந்தது. அட்டையில் என் பெயரைப் பார்த்தேன். உள்ளே திறக்கவில்லை. நான் எழுதியதுதானே, எதற்குத் திறப்பது?

திறந்து பார்க்காத முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் முதல் ஆள் நான்.

ப்ரோன்வினிடம் போய், அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்றேன்.

"படிச்சாச்சு. அச்சடிச்சும் வெச்சாச்சு," என்றாள். "நல்ல நடை. அது போகட்டும், உன் கட்டுரையை முன்னாடி இழுத்தது எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தரத்துக்கு."

அவள் எழுந்தாள். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். ஆசிரியர் மாறும்போதெல்லாம் கைமாறும் பழைய கடிதங்கள். என் கடிதத்தைப் படித்த பிறகு இதைத் தேடி எடுத்திருக்கிறாள். வென்னிங்கின் கையெழுத்து, ஆகஸ்ட் 1997, அன்றைய ஆசிரியருக்கு:

"பாஸ்கோவின் பணி நிரந்தர நேர்காணல் டிசம்பரில் வருகிறது. அதற்குள் அவர் கட்டுரை வெளியாகியிருந்தால் நல்லது. என்னுடையதற்கு அவசரமில்லை. தொகுதி 14இல் எனக்கு வைத்திருக்கும் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் இடத்தை எனக்குக் கொடுங்கள். இரண்டும் பதினெட்டுப் பக்கம்தான், அச்சகத்துக்குச் சிரமம் இராது. அவரிடம் சொல்ல வேண்டாம்; சங்கடப்படுவார்."

எத்தனை விருந்து. கடவுளே, எத்தனை விருந்தில் சொல்லியிருக்கேன்!

மே 10, புதன்

யாரிடமும் பேசவில்லை. யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

மே 13, சனி

படகேறி எதிர்க்கரையில் உள்ள ஸ்டாக்டனுக்குப் போனேன். ஐந்து நிமிடப் பயணம். அந்தக் கரையில் வென்னிங் வீடு வாங்கிய நாளிலிருந்து நான் அந்தப் படகில் ஏறியதில்லை.

வென்னிங் கொல்லைப்புறத்தில் ஒரு தோணியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முடியெல்லாம் போய்விட்டது. அரைக்கால் சட்டை அதே 1997ஆம் வருடத்தது என்று சத்தியம் செய்வேன்.

"பாஸ்கோ," என்றான் தலையைத் தூக்காமல். "அந்த உப்புத்தாளை எடு. முரடு இல்ல, நைசு."

எடுத்துக் கொடுத்தேன்.

"கடிதம் படிச்சேன். ரெண்டு தரம். ஒட்டுண்ணின்னு மூணு இடத்துல போட்டிருக்க. ஒரு தரம் போட்டிருந்தா நல்லாக் குத்தியிருக்கும்டா. மூணு தரம் வந்தா பழகிப்போயிடுது."

"அலிஸ்டர், அது தப்பு. மொத்தமும் தப்பு. தப்பு என்னோடது."

சொன்னேன். மெய்ப்பு, ஏழாவது மேற்கோள், முன்னூற்றுப் பன்னிரண்டு. பாதிவரை தேய்த்துக்கொண்டே கேட்டான். பிறகு உப்புத்தாளைக் கீழே போட்டான். பிறகு தோணிமேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"அப்ப, இத்தனை வருஷமா உன் மேற்கோளை நீயே எனக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்க. தபால் செலவுகூட வாங்காம!"

"உனக்குத் தெரியவே தெரியாதா?"

"எண்ணிக்கை கொஞ்சம் கொழுகொழுன்னுதான் இருந்துச்சு. ஆனா மார்க்கு ஜாஸ்தி போட்டுட்டாங்கன்னு எவன்டா போய்ப் புகார் குடுப்பான்?"

நியாயம். நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்த ஆகஸ்ட் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். ஏன் சொல்லவில்லை?

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ, தரத்தைப் பார்த்து இழுத்துப் போட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்ட. அவ்வளவு சந்தோஷமா இருந்த. அதைப் போய்க் கெடுப்பானேன்?"

"அப்புறம், 2001. அந்தக் கூட்டத்துல —"

"அது வலிச்சுது," என்றான். சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். ஒழுங்காக வரவில்லை. நான் — அன்னிக்கு — நீ பதில் சொல்லியிருந்தா — இல்ல, நீ சொல்லியிருக்க வேண்டியதில்ல — இப்படி ஏதோ. அவன் வாய்க்குள் "சரி, சரி" என்றான். எனக்கும் ஒரு உப்புத்தாளைக் கொடுத்தான். ஒரு மணி நேரம் இருவரும் தோணியைத் தேய்த்தோம். அவன் வீட்டில் காய்ச்சிய பீரைக் குடித்தேன். மட்டமான பீர். வாய் வரை வந்துவிட்டது, சொல்லவில்லை.

கிளம்பும்போது மட்டும் கேட்டான்.

"உன் கட்டுரையில என்ன எழுதப் போற? உள்ளதைச் சொன்னா உன் மானம் போகும். சொல்லலேன்னா எனக்கு ஓசியில ஒரு பட்டயம். எழுதறவன் நீ. நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்குத்தான் அது பழக்கமாச்சே."

மே 14, ஞாயிறு

இரண்டு வடிவம் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பட்டியல் இருக்கிறபடியே இருக்கிறது: வென்னிங் 1,104. யாருக்கும் எதுவும் தெரியாது. செஃபினாவிடம் சொன்னால் அவளும் விட்டுவிடுவாள். மற்றதில் ஒரு பத்தி கூடுதலாக இருக்கிறது. அதில் என் பெயர் இருக்கிறது.

ரோஸ்லின் மெரிவெதர் கடல் குளத்தில் நீந்திவிட்டு, தலை ஈரத்தோடு வந்து என் பின்னால் நின்று இரண்டையும் படித்தாள்.

"எதுல தயங்கற?"

"எல்லாரும் சிரிப்பாங்க."

"அது இல்ல. இத்தனை வருஷமா அநியாயம், அநியாயம்னு கத்தின. இதைப் போட்டுட்டா அப்புறம் கத்த ஒண்ணுமே இருக்காது. அதுக்குத்தான பயப்படற?"

அவள் தலையிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் முதல் வடிவத்தின் மேல் விழுந்து மை கலைந்தது. அதைச் சகுனம் என்று எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. இயந்திரப் பொறியாளன் நான்.

ஆனாலும், அவள் சொன்னது சரி. பயம்தான்.

மே 22, திங்கள்

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். பத்தி உள்ளே இருக்கிறது. எட்டாம் பக்கம்: "இந்தப் பிழை 312 கட்டுரைகளில் மறுபடி மறுபடி வந்திருக்கிறது. அதன் தொடக்கம், இக்கட்டுரையின் ஆசிரியரே 1999இல் எழுதிய ஒரு மேற்கோள். அவர் தன் கட்டுரையைத் திறந்து பார்க்கவில்லை." திருத்திய பட்டியல்: லெம்கே 846. பாஸ்கோ 800. வென்னிங் 792.

ப்ரோன்வின் நின்றுகொண்டே படித்தாள். எட்டாம் பக்கம் வந்ததும் உட்கார்ந்தாள்.

"இதை இப்படியே போடவா?"

"போடு."

"பட்டயம் போச்சு உனக்கு. அவனுக்கும் போச்சு."

"தெரியும். எண்ணினவன் நான்தானே."

"1999 கட்டுரைக்குப் பிழைத் திருத்தம்னு தனியா ஒண்ணு எழுதிக் குடு. விதி இருக்கு." கதவு வரை போனவள் நின்றாள். கதவருகே அவள் நின்று நான் பார்த்ததே இல்லை. "நல்ல கட்டுரை, க்ளென். உன்னோடதுலயே நல்லது இதுதான்."

இருபத்தாறு வருடத்தில் அவள் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் முறை. அந்தப் பாராட்டும் கூட்டிக் கழித்ததற்குத்தான்.

ஜூன் 17, சனி

நேற்று விருந்து. கடற்கரை மனமகிழ் மன்றத்தின் மாடி. ஆட்டு இறைச்சி வறண்டு போயிருந்தது, பூசணிச் சூப் நன்றாக இருந்தது. கட்டுரை முன்பே எல்லாருக்கும் போயிருந்ததால் நான் உள்ளே நுழைந்ததும் ஒரு மேசை முழுதும் "பதினஞ்சு! நாப்பத்தொண்ணு!" என்று தட்டிக் கூவியது. நான்கைந்து மாதம் முன்பாக இருந்திருந்தால் அந்த எட்டுப் பேரையும் என் பகைப் பட்டியலில் சேர்த்திருப்பேன். நேற்று கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ப்ரோன்வின் என்னை வென்னிங்குக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். வேண்டுமென்றேதான்.

யூனிஸ் லெம்கே டூவூம்பாவிலிருந்து வந்திருந்தார். வயது எண்பத்திரண்டு, கையில் ஊன்றுகோல், சிவப்புக் காலணி. வாழ்நாளில் அவர் எழுதியது அந்த ஒரே கட்டுரைதான். ப்ரோன்வின் ஒலிபெருக்கியைக் கொடுத்து, ஏன் மேற்கொண்டு எழுதவில்லை என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல கோதுமைக் கோபுரம் ஒண்ணு வெடிச்சு விரிசல் விட்டுச்சு. ஏன்னு கண்டுபிடிச்சேன். எழுதி அனுப்பினேன். அதைப் படிச்சுட்டு ஒழுங்காக் கட்டினாங்க. அப்புறம் விரிசல் விடல. அதனால எழுதல."

அவ்வளவுதான் பேச்சு. உட்கார்ந்துவிட்டார்.

கூடம் எழுந்து நின்றது. நாற்பது ஆண்டு, 1,912 கட்டுரை. நாங்கள் எல்லாரும் எதற்காக எழுதிக்கொண்டிருந்தோம் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கை வலிக்கத் தட்டினேன். பக்கத்தில் வென்னிங் விசிலடித்தான்.

"உன்னை நான் ஜெயிக்கவே இல்ல, நீ என்னை எட்டுல ஜெயிச்சுட்ட," என்றான் காதருகே. "அதையாவது ஞாபகம் வெச்சுக்க."

"வெச்சிருக்கேன்."

"தெரியும்டா. நீ எதைத்தான் மறந்த?"

ஜூலை 3, திங்கள்

பிழைத் திருத்தம் வெளியாகிவிட்டது. நான் எழுதியவற்றிலேயே மிகச் சிறியது. தலைப்பைச் சேர்த்து இரண்டு வரி. தொகுதி 40, பக்கம் 317. மதிப்பீட்டாளர்கள் யாரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. என் பணிக்காலத்தில் இதுவும் முதல் முறை.

சனிக்கிழமை தோணியைத் தண்ணீரில் இறக்கினோம். ஒழுகுகிறது. நான் தேய்த்த பக்கம் இல்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

வென்னிங்குடன் சண்டை, சேறு எப்போது கெட்டித் தரையாகிறது என்பது பற்றி. மூன்று மணி நேரம். ரோஸ்லின் எங்களை வெளியே போய்க் கத்தச் சொன்னாள். அவன் சொல்வதில் ஏதோ இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 11, புதன்

செஃபினாவின் சிரிப்பு மாடிப்படியிலேயே கேட்டது. என் அறைக்கே வந்துவிட்டாள்.

"வாழ்த்துகள் டாக்டர்! உங்க ரெண்டு வரிக் கட்டுரையை ஒருத்தர் மேற்கோள் காட்டிட்டாங்க."

பிழைத் திருத்தத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நம் இதழின் நாற்பது ஆண்டில் ஒரு முறைகூட நடந்ததில்லை. எண்ணியவன் நான், எனக்குத் தெரியும். கட்டுரையைத் திறந்தேன். ஓய்வுபெற்ற பிறகு வென்னிங் எழுதியிருக்கும் முதல் கட்டுரை. கெட்டித் தரைக்கும் சேற்றுக்கும் நடுவில் உள்ள தரை பற்றி. முதல் பத்தியில் இரண்டாம் வாக்கியம்: "இக்கேள்வியைத் தொடங்கி வைத்தவர் பாஸ்கோ." அதற்கு இரண்டு மேற்கோள்கள். தொகுதி 14, பக்கம் 211. தொகுதி 40, பக்கம் 317.

அலமாரியிலிருந்து இரண்டு தொகுதிகளையும் இறக்கித் திறந்து பார்த்தேன். இரண்டு எண்ணும் சரி.